கில்ன் கதவு லிஃப்டர்: "ரெண்டு டன் தாங்கும்" என்றால் உடனே நம்பாதீர்கள்

கில்ன், அதாவது மரம் உலர்த்தும் சூடான அறை, போடுகிறவர்களும் பழைய கதவை மாற்றுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் அறுத்து, போரிக் மருந்து ஏற்றி, உலர்த்தி விற்கிறோம். கில்ன் கதவு 12 அடி அகலம், 10 அடி உயரம். மேலே ரெயில், அதில் ஓடும் டிராலி. டிராலியில் உள்ள லிஃப்டர் கதவைக் கொக்கியிலிருந்து சில அங்குலம் தூக்கும், அப்புறம் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். கதவு செட் விற்ற கம்பெனியிடம் பேசியது அலுமினிய ஃபிரேம் கதவு, லிஃப்டருக்குப் பிரேக் உள்ள வின்ச் (கைப்பிடி சுற்றி ரோப்பை இழுக்கும் உருளை).

வந்த ஃபிரேமில் காந்தம் பச்சக்கென்று ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே அலுமினியத் தகடு! லாரியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் கதவு மட்டும் 600 கிலோவுக்கு மேல். கொட்டேஷனில் இருந்ததோ 350. ஈர மரத்திலிருந்து வரும் ஆவியில் அசெட்டிக் அமிலம் உண்டு, சாதா இரும்பை அது சும்மா விடாது. கேட்டதற்கு, "பெயின்ட் அடிச்சிருக்கு சார், லிஃப்டர் ரெண்டு டன் தாங்கும்" என்றார்கள்.

இந்த இரண்டு டன்னில்தான் ஏமாற்று வேலை. போட்டிருந்தது 6 மி.மீ. வயர் ரோப். அது அறுந்துபோகும் எடைதான் சுமார் இரண்டு டன். தூக்குவதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், அதாவது 400 கிலோ. 600 கிலோ கதவை அதில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வின்ச்சும் பிரேக் இல்லாத வெறும் ராட்செட் வகை. ஏற்றும்போது பிடிக்கும், இறக்கும்போது பல்லை விடுவித்துவிட்டால் பாரம் முழுக்கக் கைப்பிடியில்தான். ஒருநாள் இறக்குகையில் கைப்பிடி சுழன்று எங்கள் பையனின் முன்கையில் அடித்தது. கதவு வாசற்படியில் மோதி ரப்பர் கேஸ்கெட் கிழிந்தது. எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான் ஆறுதல். கேஸ்கெட் கிழிந்த பக்கம் சூடு வெளியேறி, கதவோரத்து அடுக்கு மட்டும் ஈரமாகவே நின்றது.

பிறகு வந்த மெக்கானிக், ரோப் முனையை மடித்து இறுக்கும் மூன்று கிளிப்புகளைக் காட்டினார். கிளிப்பின் U வடிவ போல்ட் ரோப்பின் வெட்டு முனைப் பக்கமும், சேடில் (ரோப் உட்காரும் பள்ளமுள்ள கட்டை) பாரம் இழுக்கும் பக்கமும் வர வேண்டும். மூன்றையும் மாற்றிப் போட்டு, பாரம் தாங்கும் ரோப்பையே நசுக்கி வைத்திருந்தார்கள்.

டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டபோது அவர்கள் லெட்டர்பேடிலேயே ஒரு தாள் வந்தது. தூக்கும் கருவிகளைத் தகுதிபெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவே சொன்னது. அவர்கள் தந்த தாளில் பரிசோதித்தவர் பெயர்கூட இல்லை. பில்லிலும் "கதவு செட் – 1" என்று மட்டும்தான். வின்ச் திறனோ ரோப் அளவோ ஃபிரேம் உலோகமோ எழுதாததால், எதை வைத்துக் கேட்பது? நீங்கள் இவற்றையெல்லாம் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதி வாங்குங்கள். ரோப் அறுந்தால் கதவைப் பிடித்து நிறுத்த லாக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களுடையதில் இல்லை.

இப்போது லிஃப்டரைக் கழற்றிவிட்டு, சர்டிஃபிகேட்டோடு வந்த ஒரு டன் செயின் பிளாக்கை (சங்கிலியைக் கையால் இழுத்துத் தூக்கும் கருவி) மாட்டியிருக்கிறோம். மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் கையை விட்டாலும் நிற்கிறது. புகாருக்கு அவர்களிடமிருந்து பதில் இல்லை. நான் நிறுத்திவைத்திருக்கும் மீதிப் பணத்துக்கு மட்டும் தவறாமல் போன் வருகிறது.