சென்னை எப்போது இரட்டிப்பாகும்? 70 விதியா, மடக்கையா?

மக்கள்தொகை இரட்டிப்பாகும் காலத்தைக் காண இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஆண்டு வளர்ச்சி சதவீதத்தால் 70-ஐ வகுப்பது ஒன்று, மனக்கணக்காகவே முடிந்துவிடும். மற்றது மடக்கை (logarithm) வழி: புதிய தொகையைப் பழையதால் வகுத்து, வரும் எண்ணின் மடக்கையால் 2-இன் மடக்கையை வகுத்து, இடைப்பட்ட ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நான் கையாள்வது இதைத்தான்.

70 விதியில் பிழை இல்லை. அதில் போடும் சதவீதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கணக்கெடுப்பு அறிக்கைகளில் பத்தாண்டு வளர்ச்சியே முன்னால் நிற்கும். சென்னை நகரத் தொகுப்பு (மாநகரும் அதை ஒட்டிய நகர்ப்பகுதிகளும்) 2001-ல் 65.6 லட்சம், 2011-ல் 86.5 லட்சம், வளர்ச்சி 31.9%. அதைப் பத்தால் வகுத்து 3.19 என்று போட்டால் 22 ஆண்டு வரும். மக்கள்தொகையோ கூட்டுவட்டி போல ஏறுவது. சரியான ஆண்டு விகிதம் 2.81%, விடை 25 ஆண்டு. மடக்கை வழியில் 0.693 (2-இன் இயல் மடக்கை, அதாவது e அடிமான மடக்கை) ÷ 0.277 (86.5 ÷ 65.6-இன் இயல் மடக்கை) × 10, அதே 25. ஆண்டு விகிதமே தேவைப்படாததால் சறுக்க இடமில்லை. பத்தை அடிமானமாகக் கொண்ட பத்தடி மடக்கை அட்டவணையும் போதும். மேலே இயல் மடக்கை, கீழே பத்தடி மடக்கை என்று கலந்தால் மட்டும் 25 என்பது 58 ஆகிவிடும்.

ஆனால் எல்லை மாறினால் இரண்டு வழியும் கவிழும். முழுக் கவனமும் இங்கேதான் வேண்டும். 2011 அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் எல்லாம் உள்ளே வந்தன. பழைய எல்லையில் 2001-ல் 43.44 லட்சம், 2011-ல் 46.47 லட்சம். இரட்டிப்பாக 103 ஆண்டு. விரிந்த எல்லைக்கான 2011 தொகை ஏறத்தாழ 67 லட்சம். அதைப் பழைய 43.4 லட்சத்தோடு ஒப்பிட்டால் 16 ஆண்டு என்று வரும். பிறந்தவர்களும் குடியேறியவர்களும் கூட்டிய தொகையல்ல அது, வரைபடக் கோடு நகர்ந்ததால் வந்தது. இரண்டு தொகையும் ஒரே எல்லைக்குரியவையா என்று பார்த்த பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

நகரத் தொகுப்பின் எல்லையும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறும் என்பதால், மேலே வந்த 25-ஐயும் உறுதியான எண்ணாக நான் கொள்ளமாட்டேன். விகிதமும் நிலைப்பதில்லை: பழைய எல்லைக்குள் 1991–2001 தொகைகள் 57 ஆண்டு என்றன, அடுத்த பத்தாண்டில் அது 103 ஆனது. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், 2011-க்குப் பிந்தைய சென்னைக்கு இந்தச் சூத்திரத்தை நீட்டுவது ஊகம்தான்.