அமெரிக்கப் பிஎச்.டி-யா, ஐரோப்பியப் பிஎச்.டி-யா?

அறிவியல், பொறியியல் மாணவர்கள் பலர் இரண்டுக்கும் ஒரே விண்ணப்பக் கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது வேண்டாம், இரண்டும் வேறு வேறு வழிகள்.

தகுதி
அமெரிக்கா: இளநிலைப் பட்டத்தோடு நேரடியாகச் சேரலாம்.
ஐரோப்பா: பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள்.

காலம்
அமெரிக்கா: பாடங்கள், சேர்ந்த பிறகு எழுதும் தகுதித் தேர்வு உட்பட 5-6 ஆண்டுகள்.
ஐரோப்பா: 3-4 ஆண்டுகள்.

செலவு
அமெரிக்கா: ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விண்ணப்பக் கட்டணம். விலக்கு கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.
ஐரோப்பா: வேலையாக விளம்பரம் செய்யும் பிஎச்.டி இடங்களுக்கு விண்ணப்பிக்கப் பொதுவாகக் கட்டணம் இல்லை.

விண்ணப்பம்
அமெரிக்கா: துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில்.
ஐரோப்பா: ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் இது பெரும்பாலும் சம்பள வேலை. குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் (EURAXESS) இணையதளத்தில் ஆண்டு முழுவதும் விளம்பரம் வரும். ஆள் எடுக்கும் ஆய்வுக் குழுவின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படித்து, உங்கள் திறமை அங்கே எதற்குப் பயன்படும் என்று கடிதத்தில் எழுதுங்கள். பொதுவான புகழ்ச்சி எடுபடாது. மேரி கியூரி முனைவர் வலையமைப்பு (ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் பிஎச்.டி திட்டம்) இடங்களுக்கு ஒரு விதி உண்டு: சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

ஆய்வுத் தலைப்பு இன்னும் முடிவாகாதவர்களுக்கும், இளநிலையோடு நிற்பவர்களுக்கும் அமெரிக்கா நல்லது. சேர்ந்த பிறகு ஆய்வகம் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும். முதுநிலை முடித்து, எதை ஆராய வேண்டும் என்று தெளிவாக இருப்பவர்கள் ஐரோப்பாவையே முதலில் பார்க்கலாம்.