போலந்து ஜன்னல்: பல குளிர்காலம் பழகிய பிறகு

சென்னையிலிருந்து போலந்தின் கிராக்கோ நகருக்கு வேலைக்கு வரப்போகும் நண்பர் ஒருவர், வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். டிராம் நிறுத்தம் பக்கமா, லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்பதையெல்லாம் அவரே விசாரித்துக்கொள்வார். ஜன்னலைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் போன வாரம்தான் ரப்பர் மாற்றி, கீல்களைச் சரிசெய்தோம். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு கிராக்கோவின் நோவா ஹுத்தா பகுதியில் இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய கட்டடம். பிற்பாடு வெளிச்சுவரில் தெர்மாகோல் ஒட்டி, மேலே வெளிர்மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பழைய மர ஜன்னல்கள் போய் பிவிசி ஜன்னல்கள் வந்துவிட்டன. கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு. படுக்கையாகத் திருப்பினால் கதவு மாதிரி உள்பக்கம் திறக்கும். மேலே திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். சாய்வதற்கு முன்னால் பாதி வழியில், 45 டிகிரியில் நிறுத்தினால் மயிரிழை அளவுக்கு இடைவெளி விடும்; இதைப் பாதித் திருகு என்று வைத்துக்கொள்வோம்.

பொருளாக எடுத்துக்கொண்டால் இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வெளியே மைனஸ் 15 இருக்கும்போது கண்ணாடி ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு துளி காற்று வரவில்லை. கைப்பிடியைத் திருகியதும் டிராம் சத்தம் அப்படியே நின்றுவிடும். ஜன்னல் பலகையின் ஓரத்தில் இருக்கும் சின்ன உருளைகளை ஒரு சாவியால் திருப்பி, குளிர்காலத்துக்கு இறுக்கமாகவும் கோடைக்குத் தளர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜன்னல் ஏற்றுமதியில் போலந்து முன்வரிசையில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவர்களுக்கு ஜன்னல் செய்யத் தெரியும்.

திறப்பதில்தான் பிரச்சினை. திறக்க யாரும் விடுவதில்லை.

முதல் தடை செடி. இங்கே ஜன்னலுக்கு உள்பக்கம் அகலமான திண்டு இருக்கும். திண்டு இருந்தால் அதில் தொட்டி இருக்கும். ஆர்க்கிட், கள்ளி, பால்கனியிலிருந்து குளிருக்குப் பயந்து உள்ளே வந்த பெலர்கோனியம். ஜன்னல் உள்பக்கமாகத் திறப்பதால் எல்லாத் தொட்டிகளையும் தரையில் இறக்கினால்தான் முழுசாகத் திறக்க முடியும். சரி, வசந்தம் வந்ததும் வெளியே வைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. மே 12, 13, 14 மூன்று நாளும் 'பனிப் புனிதர்கள்' என்று இங்கே சொல்லும் மூன்று புனிதர்களுடைய நாட்கள். 15-ஆம் தேதி புனித சோஃபியாவின் நாள், 'குளிர் சோஃபியா' என்பார்கள். அந்த நான்கு நாளில் பனி திரும்பி வந்து செடியைக் கருக்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஏப்ரலில் நான் ஒரு தொட்டியை பால்கனிக்குக் கொண்டுபோனபோது, கீழ் வீட்டு அம்மா தன் பால்கனியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "சோஃபியா போகட்டும், அதுவரைக்கும் உள்ளேயே வையுங்கள்" என்றார். செடி மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

இரண்டாவது தடை மனிதர்கள். குறுக்குக் காற்று என்றால் இந்த நாட்டில் அத்தனை பேருக்கும் பயம். எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்து நடுவில் காற்று ஓடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது வலிக்கும், இடுப்புச் சட்டை ஏறியிருந்தால் சிறுநீரகத்தில் குளிர் ஏறும். டாக்டருக்குப் படித்தவர்களும் சொல்கிறார்கள், மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். ஜூலையில், ஏசி இல்லாத பழைய பேருந்தில், எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டும் நேரத்தில் மேல் ஜன்னலைத் திறந்தேன். அடுத்த நிறுத்தத்துக்குள் பின் இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்துவந்து, மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதைச் சாத்தினார். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. இன்னும் சிலர் நன்றி சொன்னார்கள்.

போன வாரம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னல் வேலைக்கு வந்தவர் இரண்டு அறையிலும் பலகைகளைக் கழற்றி வைத்திருந்தார். வெளியே 32 டிகிரி. வீட்டுக்குள் முதல் முறையாக, வாசல்வரைக்கும் அருமையான காற்று ஓடியது. அவர் பனியன் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. அப்படி இருக்கையில் ஏணியிலிருந்து இறங்கி, "நடுக்கதவைக் கொஞ்சம் சாத்திவிடலாமா, காற்று அடிக்கிறது" என்றார். சாத்தினேன். அந்தக் காற்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் ஜனவரியைச் சொல்லாமல் விடக் கூடாது. மேலே சொன்ன அதே கீழ் வீட்டு அம்மா, மைனஸ் 10-இல் காலை ஏழு மணிக்கு ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, மெத்தை விரிப்பை பால்கனியில் தொங்கவிடுவார். எங்கள் மகள் குளிர்காலத்தில் பிறந்தாள். பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி, முதல் முறை வெளியே எடுத்துப்போகும் முன்பு தினமும் குழந்தைக்கு வெளியே போகிற மாதிரி உடுத்தி, திறந்த ஜன்னல் பக்கத்தில் படுக்க வைக்கச் சொன்னார். முதல் நாள் சில நிமிடம், அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக. மதுரையிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா, "டேய், பிள்ளைக்கு ஜன்னி கண்டுரப் போகுது, சாத்துடா" என்று அலறிவிட்டார். குழந்தை நன்றாகத் தூங்கியது. இவர்களுக்குக் குளிர் எதிரியே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நேராக உள்ளே வரும் குளிர் உடம்புக்கு நல்லது, குறுக்கே ஓடும் காற்றுதான் ஆகாது. தலைக்குக் குல்லா போடுவதில் மட்டும் தாதியும் அம்மாவும் ஒரே கட்சி.

இப்போது நண்பர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. இந்தக் கட்டடங்களில் சமையலறையிலும் குளியலறையிலும் சுவரின் மேல்பக்கம் ஒரு கிராதி இருக்கும். மின்விசிறி எதுவும் கிடையாது. சூடான காற்று தானாகவே மேலேறிப் புகைப்போக்கி வழியாக வெளியே போக வேண்டும். போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வருவதற்கு, பழைய மர ஜன்னலின் இடுக்குகளை நம்பித்தான் அன்றைக்குக் கட்டினார்கள். இந்த அருமையான புது ஜன்னல் அந்த இடுக்கை அடைத்துவிட்டது. நவம்பரில் கண்ணாடியின் அடியில் நீர் கோத்து நிற்கும், அலமாரிக்குப் பின்னால் மூலையில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். கட்டட நிர்வாகத்திடம் புகார் கொடுத்தால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் வருகிறது!

சட்டப்படி வருடத்துக்கு ஒரு முறை புகைப்போக்கி பார்ப்பவர் வருவார். கறுப்புச் சீருடை, பளபளக்கும் பித்தளைப் பொத்தான். தெருவில் அவரைப் பார்த்தால் அதிர்ஷ்டத்துக்காகத் தங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிராதியில் அவர் காற்றோட்டம் அளக்கும் கருவியை வைத்தபோது அசைவே இல்லை. ஜன்னலைப் பாதித் திருகில் வைத்ததும் சுற்ற ஆரம்பித்தது. "எப்போதும் இப்படியே இருக்கட்டும்" என்றார். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. காற்று உள்ளே வராவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டிலேயே தங்கும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே இதனால் ஆட்கள் சாகிறார்கள்.

கிராக்கோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல் நகருக்குள் நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. காற்று எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனால் ஊர் விஸ்துலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பதால், காற்று நின்றுபோன மாலைகளில் சுற்று ஊர்களின் புகை இங்கே வந்து படிந்துவிடும். பிஎம்10 (காற்றில் மிதக்கும் நுண்தூசி) அளவைச் செயலியில் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியில் கை வைக்கிறோம். மூடிவைத்துப் பூசணமா, திறந்துவைத்துப் புகையா என்று தினம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மிளகாய் வற்றல் தாளித்த நாளில் ஜன்னலைத் திறந்து வெளிப்புகைதான். அடுப்புக்கு மேல் இருக்கும் கரி வடிகட்டியால் அந்த நெடியை ஒன்றும் செய்ய முடியாது.

தீர்ப்பு கேட்டால்: ஜன்னலுக்கு ஐந்துக்கு ஐந்து. இதைவிட நன்றாகச் செய்த ஜன்னலை நான் தொட்டதில்லை. அதோடு வாழ்வதற்கு இன்றைக்கு இரண்டுதான் தருவேன். அடுத்த வீடு என் விருப்பத்துக்குக் கிடைத்தால், ஊர் நடுவில் பழைய செங்கல் கட்டடத்தில், இரட்டை அடுக்கு மர ஜன்னல் வைத்த வீட்டுக்குப் போய்விடுவேன். வெப்பக் கட்டணம் கூடும், டிராம் சத்தம் உள்ளே வரும், வரட்டும்.

நண்பருக்கு ஒரே ஒரு வேலை. வீடு பார்க்கப் போகும்போது மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்று கையில் இருக்கட்டும். முதலில் ஜன்னல்களை மூடிவிட்டு, அப்புறம் ஒரு ஜன்னலைப் பாதித் திருகில் வைத்துவிட்டு, இரண்டு முறையும் குளியலறைக் கிராதியில் தாளை வைத்துப் பாருங்கள். குளிர்நாளில் பார்ப்பது நல்லது, கோடையில் இழுவை குறைவு. இரண்டாவது முறையும் தாள் ஒட்டாமல் கீழே விழுந்தால், வீட்டுக்காரர் வாடகையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம்.