வரிசையா, குழுவா? புது வகுப்பில் மேசை போடும் முன்

புது வகுப்புக்கு மாறும் ஆசிரியர்கள் பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான். மேசைகளை வரிசையாகப் போடுவதா, நான்கு நான்காகச் சேர்த்துக் குழுவாக்குவதா?

கவனம்
வரிசை: தனியாகச் செய்யும் வேலைக்கு இதுதான் சரி. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து வான்னார்க்கா, ரூல் இருவரும் 2008இல் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது.
குழு: எதிரில் முகம் இருந்தால் பேச்சு வரத்தான் செய்யும். கணக்குப் போடும்போது அது தொல்லை. அறிவியல் சோதனையில் அந்தப் பேச்சுதான் பாடமே.

பலகை
வரிசை: நேராகத் தெரியும். கடைசி வரிசைக்குத்தான் தூரம்.
குழு: சிலர் பலகைக்கு முதுகு காட்டி உட்கார நேரும். சின்னப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து ஒரு எழுத்து, நோட்டில் ஒரு எழுத்து என்றுதான் எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்பினால் விட்ட இடம் மறந்துவிடும். மேசைகளைப் பக்கவாட்டில் போடுங்கள், கழுத்தைத் திருப்பினால் போதும்.

பொருள்கள்
வரிசை: ஆளுக்கொன்று வேண்டும்.
குழு: பசை, கத்தரிக்கோல் எல்லாம் பகிர்ந்துகொள்ளலாம்.

பிள்ளைகளின் பெயர் மனதில் பதியாத முதல் வாரங்களுக்கு என் தேர்வு வரிசைதான். யார் எங்கே என்று ஒரு தாளில் வரைந்து மேசையில் வைத்துக்கொண்டால் பெயர்கள் சீக்கிரம் பழகும். அப்புறம், செய்து கற்கும் பாடங்கள் அதிகமுள்ள கீழ்வகுப்பு என்றால் குழுவுக்கு மாறுங்கள். எழுத்து வேலை மிகுந்த மேல்வகுப்பு என்றால் வரிசையே இருக்கட்டும். கலந்து பேசும் நேரத்தில் மட்டும் முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் திரும்பிக்கொள்ளலாம்.