சுவிஸ் கடிகாரத்துக்குச் சர்வீஸ்: நிறுவன மையமா, தனிப் பட்டறையா?

நொடிக்கு எட்டு முறை துடிக்கும் இயந்திரத்தில் எண்ணெய் உலர்ந்துபோனாலும் கடிகாரம் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே அச்சுமுனைகள் தேய்வது வெளியே தெரியாது. ஆகவே முழுச் சர்வீஸ் என்பது, ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் கழுவி, அச்சுமுனைகளைத் தாங்கும் மாணிக்கக் கல்லின் குழிகளில் ஊசிமுனையளவு எண்ணெய் இட்டு, மீண்டும் பூட்டி, பல நிலைகளில் வைத்து ஓட்டத்தை அளந்து, நீர் புகாமையைச் சோதிக்கும் நெடிய வேலையாகும்.

இதைக் கடிகார நிறுவனத்தின் சொந்தச் சர்வீஸ் மையத்தில் செய்தால் அசல் பாகங்கள் உறுதி. ரோலெக்ஸ், ஒமேகா ஆகியவை சர்வீஸுக்கு 2 ஆண்டு உத்தரவாதமும் தருகின்றன. செலவு கூடுதல்தான். எனினும் அண்மைக்கால மாடல்களுக்கு இதுவே சரி என்பேன்.

பழைய கடிகாரத்தின் கதை வேறு. 1970-களின் ரோலெக்ஸ் டயலில் இருளில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய புள்ளிகள் வெண்மை மாறி, காய்ச்சிய பாலாடையின் நிறத்துக்கு வந்திருக்கும். சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அந்த நிறத்துக்கும், தேயாத உறை விளிம்புக்கும்தான். மையத்தில் டயலையும் முட்களையும் புதிதாக மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. உறையைப் பாலிஷ் செய்தால், அதில் இழந்த உலோகமோ திரும்பாது. தனிப் பட்டறையில், கடிகாரத்தைத் திறப்பவரிடமே "டயலைத் தொடாதீர்கள், பாலிஷ் வேண்டாம்" என்று நேரில் சொல்லலாம்.

ஆனால், பல நிறுவனங்களின் கடிகாரங்களில் உள்ள ஈடிஏ 2824 போன்ற பொது இயந்திரத்துக்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதுபோல் ரோலெக்ஸின் சொந்த இயந்திரங்களுக்குக் கிடைப்பதில்லை. எனவே பாகம் எங்கிருந்து வருகிறது என்பதையும், நீர் புகாமையைப் பார்க்கும் அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிறதா என்பதையும் கேட்ட பிறகே கடிகாரத்தைக் கொடுக்க வேண்டும்.