பெண்டிரைவில் எதைப் போட்டுக் கொண்டுபோவது?

பிரிக்பீல்ட்ஸ் நடனப் பள்ளியின் ஆண்டு விழாவானாலும் சரி, பட்டர்வொர்த் கல்யாண மண்டபத்துக் கரோக்கேயானாலும் சரி, "பாட்டு வரல, வேற பெண்டிரைவ் இருக்கா?" என்ற குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். பெரும்பாலும் பெண்டிரைவில் கோளாறு இருக்காது. அதிலுள்ள கோப்பு வகையை மண்டபத்து மிக்சருக்கு, அதாவது ஒலிக்கலவைக் கருவிக்கு, படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். எம்பி3, ஏஏசி, ஃப்ளாக், வேவ் நான்கும் இங்கே புழங்குகின்றன. எது எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்?

மேடைக்கு வேவ்தான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. இதைப் படிக்காத கருவியைக் காண்பது அரிது. நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி பிடிக்கும். அரை மணி நேர வர்ணம் 320 எம்பிக்குள் அடங்கும்; இரண்டு மணி நேர நிகழ்ச்சி முழுவதும் 1.3 ஜிபிதான். 16 ஜிபி பெண்டிரைவில் அது ஒரு மூலையில் கிடக்கும், ஆகவே 'இடம் போதாது' என்ற சாக்குச் செல்லாது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் தந்த 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவை அப்படியே கொண்டுபோகாதீர்கள். பல மிக்சர்கள் பெயரைக் காட்டிவிட்டு ஊமையாக நிற்கும்.

பெண்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பழைய கருவிகள் கண்டுகொள்வதில்லை. 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் அதற்கு மேல் ஃபேட்32 தராமலே இருந்து வந்தது. கோப்புப் பெயரை எண்ணில் தொடங்கி ரோமன் எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் மிக்சர் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மலிவான சில ப்ளேயர்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையில் பாடும். அதனால் நிகழ்ச்சி நிரல் வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுப்பது உத்தமம்.

எம்பி3 கெட்டதில்லை, கெடுப்பவர்கள் நாம்தான். 320 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 320 கிலோபிட்) நேராக மூலத்திலிருந்து செய்த எம்பி3யை மண்டபத்து ஸ்பீக்கரில் வேவிலிருந்து பிரித்தறிவது கடினம். 128இல் கதை வேறு: ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது வெட்டப்படும். சலங்கையும் தாளமும் தண்ணீருக்குள் உலுக்கியதுபோல் கேட்கும். உருமியின் அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு சலசலப்பு எழும். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குவதால், திடீர் அடியின் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவிவிடுகிறது.

யூடியூபிலிருந்து இறக்கி '320' என்று மாற்றி வைப்பது தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றுவதுபோல. சொம்புதான் பெரிது. எம்பி3யை வெட்டி ஒட்டி மறுபடி எம்பி3யாகச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். வெட்டுவதானால் மூல வேவில் வெட்டுங்கள். எம்பி3யின் தொடக்கத்தில் 25 மில்லிநொடி அளவுக்கு வெற்றொலி சேர்வதும் உண்டு. ஜதியையும் அடுத்த பகுதியையும் இரண்டு கோப்பாக்கினால், நடுவே தட்டுகிற இடைவெளிக்குக் காரணம் இதுவே. இடத்துக்கு இடம் கேபிபிஎஸ் மாறும் விபிஆர் எம்பி3யில் பழைய ப்ளேயர்கள் நேரத்தைத் தப்பாகக் காட்டும். ஒத்திகையில் "சரணத்துலேருந்து போடுங்க" என்றால் வேறெங்கோ போய் விழும். கடைசிவரை மாறாத சிபிஆர் 320 தலைவலி தராது.

பாடகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காணொளியிலிருந்து எடுத்த ஒலி வழக்கமாக 48 கிலோஹெர்ட்ஸ். எடிட்டிங் மென்பொருளில் 44.1 கோப்பை மாற்றாமல் 48 என்று எடுத்துக்கொண்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடியும். 'இன்னைக்குத் தொண்டை சரியில்லை' என்று நினைக்குமுன் பாட்டின் நீளத்தைப் பாருங்கள்.

குரலை நீக்கிய கரோக்கேயில் இன்னொரு பொறி உண்டு. இடது வலதைக் கழித்துச் செய்த பழைய பாணி டிராக்குகள் சிலவற்றில் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். இரு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் ஓடும் மண்டபத்தில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, டிராக் காணாமல் போகும். வீட்டிலேயே கைப்பேசியில் மோனோ அமைப்பை இயக்கிக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுச் சேமிப்புக்கு ஃப்ளாக். 2001இல் வந்தது, இலவசம். வேவில் பாதியளவுக்குச் சுருங்கினாலும் ஒரு துளிகூட இழக்காது. பாடகர், ராகம், ஆண்டு என விவரங்களையும் கூடவே சுமக்கும். கோப்பு பழுதாகிவிட்டதா என்று சோதிக்கும் வசதியும் உள்ளேயே உண்டு. 0 முதல் 8 வரையிலான சுருக்க நிலைகளில் மாறுவது அளவும் நேரமும்தான், ஒலி அல்ல. மேடையில்தான் இதை நம்ப முடியாது. 2009இன் பயோனியர் சிடிஜே-2000 ஃப்ளாக்கைப் படிக்காது. அதே வரிசையில் வந்த 2016இன் என்எக்ஸ்எஸ்2 படிக்கும். டிஜேயிடம் எந்த மாடல் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கோம்பாக் போகும் எல்ஆர்டியில் ப்ளூடூத் இயர்போனுக்கு ஃப்ளாக் வீண். ப்ளூடூத்தின் அடிப்படைச் சுருக்க முறையான எஸ்பிசி 328 கேபிபிஎஸ் அளவுக்கு மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அங்கே 256 கேபிபிஎஸ் ஏஏசியே போதும். ஐபோன்காரர்களுக்கு இயல்பானதும் அதுதான். ஆனால் ஏஏசியைச் சுமந்து வரும் எம்4ஏ கோப்பைப் பல மிக்சர்களின் யூஎஸ்பி ஏற்காது, மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் பாட்டனுப்பினால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். பையில் இரண்டு பெண்டிரைவ்: ஒன்றில் வேவ், மற்றதில் அதே பெயர்களில் 320 எம்பி3. இரண்டையும் ஒலிபெருக்கி ஆளிடம் ஒத்திகையன்றே கொடுத்து, முதல் பாட்டு மட்டுமல்ல, கடைசிப் பாட்டும் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.