காப்பர்-டி 380ஏ: சாதனம் நல்லதுதான், பின்கவனிப்பு போதவில்லை

கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியில், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது இரண்டு வகை. 375 வகை 5 ஆண்டுக்கு, 380ஏ 10 ஆண்டுக்கு. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பெண்களுக்கு நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்பது 380ஏ. முதல் ஆண்டில் இதையும் மீறிக் கருத்தரிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

குறை, போட்டு அனுப்பும் விதத்தில். "ஏதாவதுன்னா வாம்மா" என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுத்தால் போதாது. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று பிரித்துச் சொல்லாத சேவைக்கு முழு மதிப்பெண் தர மனம் வரவில்லை.

முதல் 3 முதல் 6 மாதம் வரை மாதவிடாய் கூடுதலாகப் போகும், வயிறு இழுத்துப் பிடிக்கும், இடையிடையே திட்டுத்திட்டாகப் படும். இதற்குப் பயந்து எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே காட்டுங்கள். ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவர்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

யாரும் சரியாகச் சொல்லித்தராதது நூல் பார்ப்பது. சாதனத்தின் அடியில் தொங்கும் நூலை, கர்ப்பப்பை வாய்க்கு வெளியே சுமார் 3 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். மாதவிடாய் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலால் தொட்டுப் பாருங்கள். நூல் முனை தட்டுப்பட்டால் சரி. இழுக்கவே கூடாது. நூல் முன்பைவிட நீளமாகவோ, கெட்டியான பிளாஸ்டிக் முனையோ தட்டுப்பட்டால் சாதனம் பாதி கீழே இறங்கியிருக்கலாம். காட்டும்வரை ஆணுறை தேவை. இப்படி நழுவுவது முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு இன்னும் அதிகம். அவர்களுக்கு நூல் இறங்கிவரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

நூலே காணோமா? முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்து, பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். கர்ப்பப்பையில் தெரியாவிட்டால் வயிற்றுக்கு எக்ஸ்ரே. சாதனத்தின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் அதில் தெரிந்துவிடும். கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று தெருவில் சொல்வதை நம்பாதீர்கள்.

போட்ட முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், குளிர், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். மருந்து தொடங்கியதும் சாதனத்தை உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. 2-3 நாளில் குறையாவிட்டால் எடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கருக்குழாயில் கரு தங்குவது. காப்பர்-டி போட்டவர்களுக்குக் கர்ப்பமே அரிது. ஆனால் உண்டானால் அது குழாயில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நாள் தள்ளிப்போய், ஒருபக்க அடிவயிற்றில் வலியும் தலைசுற்றலும் தோள்பட்டை வலியும் சேர்ந்தால் ஓ.பி. வரிசையில் நிற்காதீர்கள். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக "காப்பர்-டி போட்டிருக்கேன், நாள் தள்ளிப்போயிருக்கு" என்று சொல்லுங்கள்.